கருப்பும் சாம்பலும் ஒட்டிய கல்

1. துவைக்கிற கல்

அந்தக் கல் எங்கள் பட்டறைக்கு வந்த அன்று, அதை வண்டியை விட்டு இறக்குவதா வேண்டாமா என்பதிலேயே அதைக் கொண்டுவந்த அண்ணனுக்கும் தங்கைக்கும் சண்டை.

தேனியிலிருந்து உத்தமபாளையம் போகும் ரோட்டில் இருக்கிறது எங்கள் கிரானைட் பட்டறை. அடுப்படி மேடைக்கும் மாடிப்படிக்கும் கல் அறுத்துக் கொடுப்போம். கல்லறைக் கல், திறப்புவிழாக் கல் என்று பெயர் வெட்டும் வேலையும் உண்டு. பெயர் வெட்டுவது என் பொறுப்பு. அன்று ரப்பர் ஷீட்டில் எழுத்து நறுக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு குட்டியானை வண்டி டயர் அமுங்கி வந்து நின்றது. பின்னால் சாக்கு விரித்து, ஓர் ஆள் உடம்பைக் குறுக்கிப் படுக்கும் அளவுக்கு ஒரு கல்.

"தொவைக்கிற கல்லக் கொண்டுபோயி அப்பா தலமாட்டுல வைப்பாகளா? ஊரே சிரிக்கும் புஷ்பம்" என்றார் அண்ணன்.

"சிரிக்கட்டும். அப்பாதான சொன்னாக, இந்தக் கல்லத்தான் வைக்கணும்னு."

"ஒங்கிட்டச் சொன்னாக. எங்கிட்டச் சொல்லலயே."

"நீ எங்கன இருந்த? ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பு ஓட்டிக்கிட்டு மலைமேல கெடந்த. ஒங்கிட்டச் சொல்ல அவுக குமுளிக்கா வருவாக?"

அவர்கள் அப்பா பெயர் சூசைமாணிக்கம். ஆயுள் முழுக்க ஊரார் காட்டில் கிணறு வெட்டியவர். உத்தமபாளையத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் சொந்தமாக இருந்த கொஞ்ச நிலத்திலும் தன் கையாலேயே கிணறு வெட்டியிருக்கிறார். அந்தக் கிணற்றிலிருந்து மேலே ஏற்றிய கல் இது. மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் துவைக்கிற கல்லாகக் கிடந்தது. தங்கை மரியபுஷ்பம் கல்யாணம் ஆகிப் போகும்வரை அதில்தான் துணி துவைத்தாராம். அண்ணன் ஞானராஜ் ஒரு தடவைகூட அதில் துவைத்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

இறந்தவர்களுக்கு மெழுகுவர்த்தி ஏற்றும் கல்லறைத் திருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் கல் நட்டாக வேண்டும்.

எங்கள் முதலாளி கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். "மொதல்ல எறக்குங்கப்பா. டயரு வெடிச்சு வண்டிக்காரருக்கு ஏதாச்சும் ஆனா, அவருக்கும் சேத்து ஒரு கல்லு வெட்டணும்" என்றார். வண்டிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

இறக்கியபின் சுற்றி வந்து பார்த்தார். ஒரு பாதி சுத்தக் கருப்பு. மறுபாதி சாம்பல், நடுநடுவே வெள்ளையும் ரோஸும் புள்ளி. இரண்டும் சேரும் இடம் கோடு கிழித்த மாதிரி நேராக இருந்தது. முதலாளி உதட்டைப் பிதுக்கினார்.

"இது ரெண்டு கல்லு ஒட்டுன கல்லும்மா. பிளேடு பட்டா ஒட்டுல பிச்சுக்கிரும். ஒங்க அண்ணன் சொல்ற மாதிரி புதுக் கருப்புல எடுத்துக்கங்க. கண்ணாடி மாதிரி இருக்கும்."

ஞானராஜுக்கு அது போதும். தங்கையைப் பார்த்துச் சொன்னார்: "சரி, ஒங்கிட்ட மல்லுக்கட்ட முடியாது. அறுக்கட்டும். முழுசா வந்தா நீ சொன்னபடி. ஒடஞ்சா கருப்புக் கல்லுதான். பெறகு பேச்சு மாறக் கூடாது."

"மாற மாட்டேன்" என்றார் புஷ்பம். சொன்ன கையோடு குனிந்து அந்த ஒட்டை விரலால் தடவிப் பார்த்தார். உடைந்தால், அந்தக் கிணற்றிலிருந்து இன்னொரு கல் வராது. கிணறு இருக்கிறது, கிணறு வெட்டியவர் இல்லை.

2. இரண்டு கல்லும் என் கையும்

நான் பத்தாவது வரை படித்தவள். வாடிக்கையாளரிடம் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் பின்கட்டில் ரப்பர் ஷீட் வேலைக்குப் போட்டார்கள். வேலை இப்படி: பாலிஷ் போட்ட கல்மேல் ரப்பர் ஷீட்டை ஒட்டி, எழுத்துகளை மட்டும் நறுக்கி எடுத்துவிட வேண்டும். பிறகு கம்ப்ரசர் வைத்து மணலை அடித்தால் திறந்த இடத்தில் மட்டும் கல் தோண்டப்படும். பிளாஸ்டிங் என்போம்.

கடையில் எல்லாவற்றுக்கும் கிரானைட் என்றுதான் பெயர். கருப்பு கிரானைட், கிரே கிரானைட், ரோஸ் கிரானைட். ஆனால் வேலை பார்க்கும் கைக்குக் கருப்பு வேறு ஜாதி என்பது சீக்கிரமே தெரிந்துவிடும். ஒரே அளவில் இரண்டு துண்டு எடுத்தால் கருப்பு கனம் கூடுதல். லோடு ஏற்றுகிறவர்கள் கருப்பு என்றாலே இன்னோர் ஆளைக் கூப்பிடுவார்கள். சாம்பல் கல்லில் மணி மணியாக மூன்று நான்கு பொருள் தனித்தனியாகத் தெரியும். கண்ணாடிச் சில்லு மாதிரி ஒன்று, பால் வெள்ளையாக ஒன்று, மினுக்கும் கருந்துகள் ஒன்று. கருப்பில் உற்றுப் பார்த்தாலும் மணி பிரியாது.

வாசல் படிக்கு வழுக்காமல் இருக்க, கேஸ் பர்னரைக் கல்மேல் ஓட்டுவோம். சாம்பல் கல்லில் நெருப்புப் பட்டதும் பொரி பொரிகிற மாதிரி படபடவென்று துகள் தெறித்து, மேல்பக்கம் சொரசொரப்பாகிவிடும். ஒருமுறை கருப்புக் கல்லிலும் அதையே கேட்டார்கள். எங்கள் கட்டர் ஆபரேட்டர் பாண்டி பர்னரை எவ்வளவு ஓட்டியும் ஒன்றும் பொரியவில்லை. கல் நிறம் மங்கி, ஒரு மூலை செதிலாகக் கழன்றதுதான் மிச்சம். சாம்பலில் இருக்கும் அந்தக் கண்ணாடி மணிதான் சூட்டில் துள்ளுகிறது, கருப்பில் அது இல்லை என்று அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது.

இன்னொன்றும் செய்து பார்த்திருக்கிறேன். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை நூலில் கட்டி, கல்லுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டேன். சாம்பலிடம் சும்மா தொங்கியது. கருப்பிடம் கொண்டுபோனதும் லேசாகச் சாய்ந்து போய் ஒட்டியது. பாண்டி பார்த்துவிட்டு, "செல்விக்கா கல்லுக்குக் குறி பாக்க ஆரம்பிச்சிட்டாக" என்று பட்டறை முழுக்கச் சொல்லிச் சிரித்தான்.

என் மகளின் பள்ளிப் புத்தகத்தில் தீப்பாறை என்று ஒரு பாடம் இருந்தது. உருகிய குழம்பு ஆறிக் கல்லானது இரண்டும். பூமிக்குள் ஆழத்தில் மெதுவாக ஆறினால் மணி பெரிதாகும்; சீக்கிரம் ஆறினால் சிறுத்துவிடும். இதைப் படித்ததும் எனக்குக் கற்கண்டு ஞாபகம் வந்தது. சர்க்கரைப் பாகைப் பல நாள் ஆடாமல் அசையாமல் வைத்தால் கட்டி கட்டியாகக் கற்கண்டு விளையும். அதே பாகைத் தட்டில் ஊற்றினால் மிட்டாய். இரண்டும் சர்க்கரைதான். கல்லில் அப்படியே சொல்ல முடியாது. கருப்பும் சாம்பலும் வேறு வேறு குழம்பு. ஆனாலும் மணி விஷயம் எனக்குப் புரிந்தது.

இவ்வளவும் தனித்தனிக் கல்லில் பார்த்தது. இரண்டும் ஒன்றாக ஒட்டி, ஒரே கல்லாக என் முன்னால் வந்தது அதுதான் முதல் தடவை.

3. காயவிட்டுப் பார்த்தது

மறுநாள் அறுப்பு என்று பேச்சு. கல் வந்த அன்றே மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபின், சோற்றுத் தூக்கைத் திறக்காமல் அந்தக் கல்லிடம் போனேன். டிசைன் பார்க்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை ஒட்டின்மேல் வைத்துப் பார்த்தேன்.

ஒட்டை உரசி இருக்கும் கருப்பில் மணியே இல்லை, மை ஊற்றிய மாதிரி இருந்தது. ஒட்டைவிட்டு விலக விலக, பொடிப் பொடியாக மணி தெரிய ஆரம்பித்தது. சாம்பல் பக்கம் அப்படி ஒரு மாற்றமும் இல்லை; ஒட்டு வரைக்கும் ஒரே பெரிய மணி. அப்படியென்றால் சாம்பல் முன்பே ஆறிக் குளிர்ந்து கிடந்திருக்கிறது. அதில் விழுந்த வெடிப்பில் கருப்பு சூடாக ஏறி வந்திருக்கிறது. குளிர்ந்த சாம்பலைத் தொட்ட ஓரம் முதலில் இறுகியிருக்கிறது. தோசைக்கல்லை ஒட்டிய மாவு முதலில் வேகிற மாதிரி, ஆனால் தலைகீழாக.

பின்னால் கொலுசுச் சத்தம். புஷ்பம் ஊருக்குப் போகாமல் அங்கேயே ஒரு கல் குவியல்மேல் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது.

"என்னக்கா பாக்குறீக?"

பூதக்கண்ணாடியை அவர் கையில் கொடுத்துவிட்டேன். வெகுநேரம் பார்த்தார்.

"எது மூத்தது?" என்று கேட்டார்.

"சாம்பல்" என்றேன். "கருப்பு பெறகு வந்தது."

"அப்ப சாம்பல்தான் எங்க அண்ணன். ஒண்ணும் செய்யாம மலை மாதிரி கெடக்கும். நான் கருப்பு. நானா வந்து ஒட்டிக்கிட்டேன்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு, "இந்த எடத்துலதான் ஊத்து வந்துச்சு. கருப்பத் தொட்டதும் அப்பா, 'ஆத்தா, தண்ணி வந்துருச்சு'ன்னு உள்ள இருந்து கத்துனாக. அதுவர ஈரமே இல்ல. அதான் இந்தக் கல்ல ஒடைக்க விடாம ஏத்துனாக" என்றார்.

அறுப்பதற்கு முன் கல்லை நனைத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். கல் முழுக்கத் தண்ணீர் ஊற்றித் துடைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மேல்பக்கம் காய்ந்த பிறகும், உள்ளே வெடிப்பு இருக்கும் இடத்தில் மட்டும் ஈரக்கோடு நிற்கும். கருப்பில் ஈரம் கண்ணுக்குத் தெரியாது. சாக்பீஸ் தூளைக் குழைத்துப் பூசித் துடைத்தால் வெடிப்பில் வெள்ளை தங்கிவிடும். அவசர வேலைக்கு இதையெல்லாம் யாரும் செய்வதில்லை. சுத்தியலால் தட்டிச் சத்தம் கேட்டுவிட்டு அறுத்துவிடுவார்கள். பாண்டியும் காலையில் ஒட்டின்மேல் மட்டும் தட்டிவிட்டு, தேறுவது சந்தேகம் என்று தலையை ஆட்டியிருந்தான்.

நானும் புஷ்பமும் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றினோம். கருப்புக்குச் சாக்பீஸ் பூசித் துடைத்தோம். ஒன்றும் தங்கவில்லை. ஒட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நேரம் ஆக ஆக, வெயிலில் கல் வெளுத்துக்கொண்டு வந்தது. ஒட்டும் மற்ற இடத்தோடு சேர்ந்தே காய்ந்தது. புஷ்பம் பெருமூச்சு விட்டார்.

அப்போதுதான் பார்த்தேன். சாம்பல் பக்கம், ஒட்டிலிருந்து அரைச் சாண் தள்ளி, தலைமுடி கனத்தில் ஓர் ஈரக்கோடு. மேலிருந்து கீழ்வரை. கிணற்றில் வெடி வைத்தபோது விழுந்ததாக இருக்கும்.

எல்லோரும் நிறம் மாறும் இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். கண்ணை இழுத்தது அது. நானும் அதையேதான் பார்த்தேன். தண்ணீர் காயும்வரை உட்கார்ந்திராவிட்டால் எனக்கும் தெரிந்திருக்காது.

4. அறுப்பு

முதலாளியிடம் சொல்ல வேண்டும். போய் மேசை முன் நின்றேன். "என்ன செல்வி, லீவா?" என்றார். நான் வந்து நின்றால் லீவுக்குத்தான் என்று அவருக்குப் பழக்கம். இல்லை என்று தலையாட்டி, கல்லுக்குக் கூட்டிவந்து கோட்டைக் காட்டினேன்.

அவர் குந்தி உட்கார்ந்து பார்த்தார். "அடப் பாவி. நேராப் பிளேட விட்டிருந்தா கல்லு அங்கன ரெண்டாயிருக்கும். ஒட்டுதான் பிச்சுக்கிச்சுன்னு நம்ம எல்லாரும் சொல்லியிருப்போம்" என்றார். பிறகு புஷ்பத்திடம், "கோட்டுக்கு இந்தப் பக்கமா அறுத்து விட்டுட்டா மிச்சம் நிக்கலாம். ஆனா சாம்பல் நாலு விரக்கடைதான் இருக்கும்மா, பரவால்லயா?" என்றார்.

"ஒட்டு இருந்தாப் போதும்" என்றார் புஷ்பம்.

மறுநாள் ஞானராஜ் காலையிலேயே வந்துவிட்டார். ஈரக்கோட்டு விஷயத்தை முதலாளி சொன்னார். ஞானராஜ் பாதி காதில்தான் வாங்கினார். கட்டருக்குப் பக்கத்தில் போய்க் கை கட்டி நின்றார். "அண்ணே, தள்ளி நில்லுங்க, தண்ணி அடிக்கும்" என்றான் பாண்டி. அவர் நகரவில்லை.

பிளேடு இறங்கியது. சாம்பலில் ஓடும் பிளேடுக்கு ஒரு சத்தம், கருப்பில் வேறு சத்தம். கருப்பு கொஞ்சம் கீச்சிடும். வெளுத்த சேறு வழிந்தது. ஒரு பக்கம் முடித்து, செயின் போட்டுத் திருப்பி, மறுபக்கம் அறுத்தார்கள். ஞானராஜின் வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது.

அறுப்பு முடியப்போகும் நேரம், டமார் என்று ஒரு சத்தம். சாம்பல் கட்டி ஒன்று கீழே விழுந்து இரண்டாகப் பிளந்தது.

"மதி, மதி! நிப்பாட்டுங்க!" என்று கத்திக்கொண்டு ஞானராஜ் மெஷினுக்குள்ளேயே பாயப் போனார். மதி என்றால் மலையாளத்தில் போதும். அவசரத்தில் அவருக்கு அதுதான் வாயில் வந்தது. பாண்டி சுவிட்சை அணைத்துவிட்டு அவரைப் பிடித்துக்கொண்டான்.

"அய்யோ, ஒடஞ்சிருச்சே. ஒடஞ்சிருச்சே புஷ்பம்."

கல் உடைந்தால் அவர் சொன்னதுதானே நடக்கும்? அது அந்த நேரம் அவருக்கு நினைவிலேயே இல்லை.

புஷ்பம் நிதானமாகப் போய் அவர் தோளைத் தட்டினார். "அண்ணே, அது கழிவு. காலைல மொதலாளி சொன்னாகள்ல? அங்கன பாரு, அப்பா கல்லு நிக்குது."

மேடையில் கருப்பு முழுசாக நின்றது. ஓரத்தில் நான்கு விரல் அகலத்துக்குச் சாம்பல் பட்டை, ஒட்டு விடாமல்.

ஞானராஜ் வேட்டியைப் பிழிந்தார். பிறகு, கீழே கிடந்த இரண்டு சாம்பல் துண்டுகளையும் காட்டி, "இத நான் எடுத்துக்கிறலாமா?" என்று முதலாளியிடம் கேட்டார்.

"எதுக்குண்ணே?" என்றார் புஷ்பம்.

"எங்க வீட்டுலயும் துணி தொவைக்கிறாகள்ல?"

"யாரு? நீயா?"

"ஆமா, நான்தான். போதுமா?"

5. ஒரு 'ம' எழுத்து

துவைத்துத் தேய்ந்த முகத்தைப் பின்பக்கமாக வைத்துக்கொண்டோம். அறுத்த முகத்துக்குப் பாலிஷ். அடுத்து என் வேலை. பெயரை அகலமாக, பட்டையையும் சேர்த்து எழுதலாமா என்று கேட்டார் முதலாளி. ஓரம் சீவிய ஒரு சில்லில் கருப்பும் சாம்பலும் இருந்தன. அதைப் பாலிஷ் போட்டு, ஒட்டின்மேல் படும்படி ஒரு 'ம' வெட்டி, மணல் அடித்துப் பார்த்தேன்.

ஷீட்டை உரித்ததும் எனக்கே ஆச்சரியம். கருப்பின்மேல் இருந்த பாதி எழுத்து வெள்ளை வெளேரென்று நின்றது. சாம்பல்மேல் இருந்த பாதியைக் காணோம். தடவினால் கைக்குத் தட்டுப்படுகிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. கருப்புக் கல்லைக் கருப்பாகக் காட்டுவது பாலிஷ்தான். சொரசொரப்பாக்கினால் அது வெளுத்துவிடும். சாம்பல் ஏற்கெனவே வெளுப்பு. கல்லறைக் கல்லுக்கு எல்லோரும் கருப்பு கேட்பது ஏன் என்று இத்தனை வருடத்தில் நான் யோசித்ததே இல்லை.

பெயரை முழுக்கக் கருப்பிலேயே அடக்கினேன். பட்டையைச் சும்மா விட்டோம். எழுத்துக்குத் தங்கப் பெயின்ட் அடிக்கலாம் என்றார் ஞானராஜ். வேண்டாம் என்றார் புஷ்பம். பெயின்ட் இரண்டு மழைக்காலம் தாங்கும், அப்புறம் உரியும்.

நான் கல்லைக் கழுவிக் காட்டினேன். தண்ணீர் பட்டதும் எழுத்தின் வெள்ளை இருண்டு, பெயர் அப்படியே மறைந்துபோனது. "பெயின்ட் இல்லன்னா, மழ பேஞ்சா இப்படித்தான் ஆகும்" என்றேன். முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் அல்லவா.

"காஞ்சா வந்துரும்ல?"

"வந்துரும்."

"அப்பறம் என்னக்கா" என்றார் புஷ்பம்.

6. மழை

கல்லறைத் திருநாளன்று சாயங்காலம் வரச் சொல்லிப் புஷ்பம் போன் செய்தார். நான் கிறிஸ்தவ வேதக்காரி இல்லை, அந்த ஊரில் யாரையும் தெரியாது. போக வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நட்ட இடத்தில் அந்த ஒட்டு எப்படி இருக்கிறது என்று பார்க்கும் ஆசை விடவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மழை. கல்லறைத் தோட்டத்தில் குடையும் மெழுகுவர்த்தியுமாகக் கூட்டம். நான் கேட் ஓரத்திலேயே நின்றேன். உள்ளே நிறையக் கருப்புக் கல். எங்கள் பட்டறையில் வெட்டியதும் அதில் இருக்கும். பழைய கல்லில் பெயின்ட் உரிந்து போயிருந்தது. நனைந்ததும் எல்லாக் கல்லும் ஒரே கருப்பு. பெயரே இல்லை. ஆட்கள் குனிந்து குனிந்து கையால் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இது யாரு? நம்ம பெரியப்பாவா?" என்று ஒருவர் கேட்க, "இல்ல, டீச்சரம்மா" என்று இன்னொருவர் தடவிப் பார்த்துச் சொன்னார்.

ஞானராஜ் மெழுகுவர்த்தியைக் காற்றுப் படாமல் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு வேகமாக வந்து, ஒரு கல்லின் முன் மண்டியிட்டார்.

"அண்ணே! அது நம்ம அப்பா இல்ல. இங்கன வா!"

புஷ்பத்தின் குரல் வந்த பக்கம் பார்த்தேன். நான் நின்ற இடத்திலிருந்தே அந்தக் கல் தெரிந்தது. அத்தனை கருப்புக்கு நடுவே ஓரத்தில் நான்கு விரல் சாம்பல், நனைந்தும் வெளிச்சமாக. ஒட்டு வரைந்த மாதிரி இருந்தது.

ஞானராஜ் எழுந்து, முட்டியைத் துடைத்துக்கொண்டு அங்கே போனார். "பேரக் காணமே" என்றார்.

"வரும். மழ விடட்டும்" என்றார் புஷ்பம்.

மழை விட்டது. காற்று வீச, பாலிஷ் முகத்திலிருந்து தண்ணீர் முதலில் வழிந்து இறங்கியது. எழுத்துக் குழிகள் காயக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவர்கள் இருவரும் அங்கேயே நின்றார்கள். நானும் கேட்டை விட்டு உள்ளே போயிருந்தேன், எப்போது போனேன் என்று தெரியவில்லை. முதலில் 'சூ' வெளுத்தது. பிறகு மற்றவை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு என்னிடம் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. எந்தக் கல் நல்ல கல் என்று கேட்பார்கள். கருப்பு எழுத்தைக் காட்டும், மழையில் கைவிட்டுவிடும். சாம்பல் எழுத்தைக் காட்டாது, ஆனால் தூரத்திலிருந்து தெரியும். எந்தக் கல் வந்தாலும் தண்ணீரை ஊற்றுங்கள். காயும்வரை கூடவே இருங்கள். ஒட்டைப் பார்த்துப் பயப்படாதீர்கள். மற்ற இடத்தையும் பாருங்கள்.

ஒட்டின்மேல் 'ம' வெட்டிய அந்தச் சில்லை, இப்போதும் என் மேசையில் ரப்பர் ஷீட் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறேன். பாதி எழுத்து தெரியும். மீதியை விரலால் தடவிக்கொள்வேன்.